எக்ஸ்த்ரெமாதுரா வசந்தகாலப் பறவைப் படப் பயணங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பெயினின் மேற்கே உள்ள எக்ஸ்த்ரெமாதுரா மாநிலத்தில் த்ருஹீயோ ஊரை மையமாக வைத்து, சுற்றியுள்ள புல்வெளிகளிலும் மோன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவிலும் நம் சங்கம் வழிகாட்டியோடு நடத்திய வசந்தகாலப் படப் பயணங்கள் பற்றிய அறிக்கையை முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். களத்தில் எது சரியாக அமைந்தது, எது கெட்டது, ஏன் கெட்டது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இந்தப் பருவத்தின் முக்கிய மாற்றம், ஒரு காலைக்கு ஒரே பறவை என்ற ஏற்பாடு. விடியலில் கானமயில், பத்து மணிக்குப் பாறு (பிணந்தின்னிக் கழுகு), அதற்குப் பிறகு பனங்காடை என்று ஓடும் திட்டத்தை விட்டுவிட்டோம். வெளிச்சம்தான் காரணம். ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதாலும், மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி முன்னே போவதாலும், ஏப்ரல் நடுவில் இங்கே சூரியன் 7:50 வாக்கில்தான் எழுகிறது. பத்து மணி தாண்டினால் தரை சூடேறி, புல்வெளிக்கு மேலே காற்று நெளியத் தொடங்குகிறது. அதன் பிறகு ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையை எந்த விலையுள்ள லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. திரையில் பார்த்து ஃபோகஸ் தவறியது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் கெட்டது நடுவில் இருக்கும் காற்று. தூரத்தைக் குறைப்பது, அல்லது சீக்கிரம் முடித்துக்கொள்வது, இரண்டே வழிதான். ஆக, நல்ல வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் பாதியைக் காரில் கழிப்பது வீண்.

பெருங்கானமயிலில் தொடங்குகிறேன். உலகில் இருக்கும் இந்தப் பறவைகளில் பாதிக்கும் மேல் ஸ்பெயினில் வாழ்கின்றன. பறக்கும் பறவைகளில் மிக எடை கூடியவற்றில் ஒன்று. நன்கு வளர்ந்த ஆண் பத்து கிலோவைத் தாண்டும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுக்க ஆண்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில் கூடி, சிறகையும் வாலையும் உள்வெளியாகத் திருப்பி, உடம்பே வெள்ளை நுரைப் பந்துபோல ஆகும்படி ஆடிக் காட்டுகின்றன. அந்த ஆட்டக்களம் ஒருமுறை கலைந்தால் அன்றைய காலை நமக்கும் போச்சு, அவற்றுக்கும் போச்சு. ஆகவே அனுமதி பெற்ற நிலையான ஹைட்டிலிருந்து, அதாவது பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து எடுக்கும் மறைகூண்டிலிருந்து, மட்டுமே எடுக்கிறோம். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முழு இருட்டில் உள்ளே போய்விட வேண்டும். பறவைகள் தாமாக மேய்ந்து விலகிய பிறகே வெளியே வர வேண்டும். அது பதினொன்றாகலாம், பன்னிரண்டும் ஆகலாம். இடையில் கால் மரத்தாலும் கதவைத் திறக்க அனுமதி இல்லை. சிறுநீருக்குப் பாட்டில், சத்தம் போடாத துணிப்பையில் சாப்பாடு, கறுப்புச் சட்டை, ஒலி நிறுத்திய போன் ஆகியவற்றை உறுப்பினர்கள் முதல் நாள் இரவே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எக்ஸ்போஷரில் அதிகம் சறுக்கியது இங்கேதான். நடந்து வரும்போது பறவை பழுப்பு. ஆடத் தொடங்கியதும் பாதி உடம்பு வெள்ளை. தானியங்கி அளவீடு பின்னால் இருக்கும் பச்சைப் புல்லை வைத்துக் கணக்குப் போட்டு, வெள்ளை இறகுகளை வெளுத்துவிடுகிறது. வெயில் படும்போது மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, மேனுவலில் பூட்டிவிடுவதே நல்லது. ஆட்டம் மெதுவானது, 1/500 நொடி ஷட்டர் வேகம் போதும். 1/2000 வைத்து ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் புல் உயர்ந்து, தரைமட்டக் கோணத்தில் பறவையின் பாதி உடம்பு மறைந்துவிடுகிறது. அப்போது தரையோடு தரையாக லென்ஸை வைக்கும் ஆசையை விட்டு, ஒரு முழம் உயர்த்த வேண்டும்.

ஹைட்டின் ஜன்னலில் இருக்கும் ஒருவழிக் கண்ணாடி பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழிகாட்டிகளிடம் அதிகம் வந்த கேள்வி அதுதான். இந்தக் கண்ணாடி மாயம் ஒன்றும் செய்வதில்லை. வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு என்று இருக்கும் வரைதான் பறவைக்கு நாம் தெரியாமல் இருப்போம். விடியலுக்கு முன் உள்ளே டார்ச் அடித்தால் கதை தலைகீழ். கூண்டே விளக்கு வைத்த கடை ஜன்னலாகிவிடும். கேமராவின் பின்திரையை அணைத்து, வியூஃபைண்டரில் மட்டும் பார்க்க வேண்டும். கண்ணாடி ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை வெளிச்சத்தை விழுங்குகிறது. எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவர் எஃப் 6.3 வைத்திருப்பதாக நினைத்துத் திட்டமிட வேண்டும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் திட்டுத் திட்டாக நிறம் வரும், கழற்றிவிடுங்கள். லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாகவும் முடிந்த அளவு ஒட்டியும் இருக்க வேண்டும். சாய்த்து எடுக்க எடுக்கக் கூர்மை குறையும், பிம்பம் இரட்டிக்கும். வெளிப்பக்கத் தூசியை முந்தைய மாலையே துடைத்துவிட வேண்டும். விடிகாலைப் பனியோடு சேர்ந்த தூசி, எதிர்வெயில் பட்டவுடன் படம் முழுக்க வெள்ளைப் புகைபோலத் தெரியும். இந்தப் பருவத்தில் வாடகைக்கு எடுத்த ஹைட் ஒன்றில் கண்ணாடி கீறலோடு இருந்தது. இனி பணம் கட்டும் முன் வழிகாட்டி ஒருவர் நேரில் பார்த்து வருவார்.

சமவெளிச் சாலைகளில் காரே நமக்கு ஹைட். ஸ்பெயினில் ஓட்டுநர் இடப்பக்கம் இருப்பதால், வழிகாட்டி ஓட்ட, படம் எடுப்போர் இருவர் வலப்பக்கம் முன்னும் பின்னுமாக அமர்கிறார்கள். பறவை வலப்பக்கம் வருமாறு காரை நிறுத்துவது ஓட்டுபவர் பொறுப்பு. மூன்றாவது ஆளை ஏற்றினால் ஒருவர் சண்டைக்கு வருவார், கார் ஆடும், பறவை போய்விடும். லென்ஸைத் தாங்க ஜன்னலில் வைக்கும் பீன்பேக்கை வெறும் பையாகக் கொண்டு வாருங்கள். இங்கே கடையில் இரண்டு மூன்று கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பினால் விமானத்தில் எடை மிச்சம். முக்கால் பாகம் நிரப்பினால்தான் லென்ஸ் அதில் அமரும், முழுக்க நிரப்பினால் உருளும். எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். அடுத்தது ஹீட்டர். ஏப்ரல் விடியலில் ஐந்தாறு டிகிரிதான் இருக்கும். சூடேற்றிய காரின் ஜன்னலைத் திறந்தவுடன், உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று லென்ஸ் முன்னால்தான் வெளியேறும். எட்டு மணிக்கே காற்று நெளிகிறதே என்று குழம்பியவர்களுக்குப் பதில் இதுதான். இடத்தை அடைவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

கானமயில் கழுத்தை நிமிர்த்தினால் நில்லுங்கள். நடையை மாற்றி விலகத் தொடங்கினால் பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் நாம் நெருங்கியது தவறு என்று பொருள்.

சிறுகானமயில் ஸ்பெயினில் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. தரிசு நிலம் சுருங்குவதும் பயிர்முறை மாறுவதும் அதன் இடத்தைப் பறிக்கின்றன. எனவே காரிலிருந்து அதைத் தேடிப் போகும் பயணங்களைச் செயற்குழு நிறுத்திவிட்டது. சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். இருந்தும் இந்த முடிவில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பஞ்சுருட்டான் பயணங்கள் இந்த ஆண்டு மிகச் சிறப்பாக அமைந்தன. இந்தப் பறவைகள் ஆப்பிரிக்காவிலிருந்து மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வந்து சேர்கின்றன. மணற்கரைகளில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான பொந்து தோண்டுகின்றன. ஆண், பெண்ணுக்குப் பூச்சி ஊட்டும் காட்சி ஏப்ரல் கடைசி முதல் மே நடுவரை. பூச்சி பறக்கத் தொடங்கினால்தான் இவை வேலையைத் தொடங்கும் என்பதால் விடியலில் போய் உட்கார்ந்து பயனில்லை. ஒன்பதரைக்கு மேல்தான் கலகலப்பு. ஏழு மீட்டர் தூரத்தில் எடுப்பதால் காற்று நெளிவு பெரிய தொல்லையல்ல. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 500 மி.மீ. லென்ஸ், ஏழு மீட்டர், எஃப் 4 என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. எஃப் 8-ல் ஒன்பது சென்டிமீட்டர் அளவு. ஒரே கிளையில் இரண்டு பறவைகள் உட்கார்ந்தால் ஒன்று தெளிவு, ஒன்று மங்கல் என்று வருவதற்குக் காரணம் இதுதான். கிளை சென்சாருக்கு இணையாக, குறுக்காக நிற்க வேண்டும். விரல் தடிமன் போதும், தடித்த கிளை பாதங்களை மறைக்கும். பின்னணி இருபது மீட்டராவது தள்ளி இருந்தால் நிறம் வெண்ணெயாகக் கரையும்.

தேனீயைப் பிடித்து வந்த பறவை அதைக் கிளையில் அடித்து, வயிற்றைத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிய பிறகே விழுங்கும் அல்லது ஊட்டும். அந்த அடியைக் கேட்டவுடன் பொத்தானில் விரல் இருக்க வேண்டும், ஊட்டல் அடுத்த சில நொடிகளில் நடக்கும். தேனீயைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் கணத்துக்கு 1/3200. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் பதிவு செய்யும் ப்ரீ-கேப்சர் வசதி இருந்தால் இங்கே பயன்படுத்துங்கள். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில், மெதுவாகப் படிக்கும் சென்சார் கொண்ட கேமராக்களில் சிறகு வளைந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பொந்து தோண்டும் நாட்களில் புதிதாக ஹைட் அமைக்கக் கூடாது. முன்கூட்டியே தள்ளி வைத்து, நாளுக்குச் சிறிது சிறிதாக நெருக்கியதால்தான் இம்முறை பறவைகள் பொருட்படுத்தவில்லை.

பனங்காடைகள் ஏப்ரலில் திரும்புகின்றன. கம்பங்களில் பொருத்திய கூடுபெட்டிகளில் பல இணைகள் குடியேறுகின்றன. இதில் ஒரே எச்சரிக்கை: மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகத் தெரிந்தாலும் நீலம் மட்டும் விவரம் இழந்து வெட்டுப்பட்டிருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

மோன்ஃப்ராகுவே 2007-ல் தேசியப் பூங்கா ஆனது. இஎக்ஸ் 208 சாலையோரம் இருக்கும் சால்தோ தெல் ஹிதானோ காட்சிமுனையிலிருந்து, தாஹோ ஆற்றுக்கு எதிர்க்கரையில் நிற்கும் பென்யா ஃபால்கோன் பாறையின் கிரிஃபன் பாறுகளைப் பார்க்கலாம். அதே பாறையில் கருநாரையும் மஞ்சள்முகப் பாறும் கூடு வைக்கின்றன. இங்கேயும் விடியலில் ஓடி வரத் தேவையில்லை. வெயில் ஏறி வெப்பக்காற்று கிளம்பினால்தான் பாறுகள் எழும். எழும்போது கண்மட்டத்திலேயே கடக்கும். 1/1600 போதும். வானம் பின்னணியானால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், பாறை பின்னணியானால் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவே பறவை மாறி மாறிப் போவதால் மேனுவல்தான் நிம்மதி. கரும்பாறும் ஸ்பானிய அரசக் கழுகும் தேடுவோர் தியேதார் ஆற்றோரக் காட்சிமுனையில் பொறுமையாக உட்கார வேண்டும். தொலைவு அதிகம், அங்கே படத்தை விடத் தொலைநோக்கி தரும் மகிழ்ச்சியே பெரிது.

மாலைகளில் மால்பார்த்திதா தெ காசெரெஸ் ஊருக்கு அருகே லோஸ் பர்ருவேகோஸ் போனோம். கருங்கல் உருண்டைப் பாறைகளின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கும் இடம். எதிர்வெயிலில் நிழலுருவம் எடுக்க இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. சிறு கெஸ்ட்ரல் வல்லூறுகளுக்கு த்ருஹீயோ காளைச்சண்டை அரங்கின் ஓட்டுக்கூரை போதும், ஊருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் இரவு ஒன்பதுக்குத்தான் மறைகிறது. ஆகையால் மாலைக்கு ரொட்டிச் சாண்ட்விச் கையில் இருக்கட்டும். உணவகங்கள் ஒன்பதுக்கு மேல்தான் சூடாகச் சமைக்கும், அதனால் இரவுச் சாப்பாடு தாமதமாவது பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி. 2007-ஆம் ஆண்டின் 42-ஆம் எண் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளை, குறிப்பாக இனப்பெருக்கக் காலத்தில், தொந்தரவு செய்வதைத் தடை செய்கிறது. பாதுகாக்கப்பட்ட இனங்களை ஹைட்டிலிருந்து எடுக்க மாநில அரசின் அனுமதி வேண்டும். அனுமதித்தாளின் நகல் வழிகாட்டியிடம் எப்போதும் இருக்கும். குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, கூட்டை மறைக்கும் புல்லை விலக்குவது, டிரோன் ஆகிய மூன்றும் நம் பயணங்களில் கிடையாது. கூடு தெரியும் படங்களில் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள். மாண்டேகு பூனைப்பருந்து தானியப் பயிருக்குள் தரையில் கூடு வைப்பதால், வயலுக்குள் ஒருவர் மிதித்த தடம்கூட நரிக்கு வழிகாட்டும். பண்ணைக் கதவுகளை எப்படிப் பார்த்தோமோ அப்படியே விட வேண்டும். திறந்திருந்தால் திறந்து, மூடியிருந்தால் மூடி. பழைய மந்தைப் பாதைகள் 1995-ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுச் சொத்து. அவற்றில் நடக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அதைத் தாண்டி வேலிக்குள் போகத்தான் கேட்க வேண்டும்.

உடல்நலக் குறிப்பு ஒன்று. புல்வெளிகளில் உண்ணிகள் உண்டு. அவை பரப்பும் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் ஸ்பெயினுக்குள்ளேயே தொற்றியது 2016-ல் முதன்முதலாக உறுதியானது. நோயாளிகள் மிகச் சிலரே. ஆனாலும் கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், வெளிர்நிறத் துணி அணியுங்கள், இரவு அக்குளையும் முழங்கால் மடிப்பையும் பாருங்கள். ஹைட்டுக்குள் மட்டும் மேலே கறுப்பு. பைன் மரத்தடியில் வரிசையாக ஊரும் கம்பளிப்புழுக்களைத் தொடாதீர்கள், டிரைபாடையும் அங்கே படுக்க வைக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் களிமண் பாதைகளில் கார் இறங்காது. அன்றைய திட்டம் சௌசெதியா ஊரின் அர்ரோகாம்போ நீர்த்தேக்கத்துக்கு மாறும். செந்நாரையும் நீலத் தாழைக்கோழியும் அங்கே கிடைக்கும்.

வரும் பருவத்துக்கு: கானமயில் காலைகள் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை, பஞ்சுருட்டான் மே நடுவரை. ஹைட் அனுமதிக்கான விண்ணப்பம் முன்கூட்டியே போக வேண்டியிருப்பதால் பெயர் கொடுப்பவர்கள் எந்தப் பறவை, எந்த வாரம், என்ன லென்ஸ் என்பதைச் சேர்த்து எழுதித் தாருங்கள். லென்ஸ் நீளம் தெரிந்தால்தான் யாரை எந்த ஹைட்டில் உட்கார வைப்பது என்று வழிகாட்டிகள் முடிவு செய்ய முடியும். காரில் ஹீட்டரை அணைத்துவிடுவதால் குளிர் தாங்காதவர்கள் கையுறையும் கம்பளியும் தவறாமல் எடுத்துவர வேண்டுகிறேன்.

செயலாளர்