இணையச் சந்தைகளின் ரேட்டிங் முறை மாற்றங்களால் பாதிக்கப்பட்ட சிறு விற்பனையாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
பவானி வட்டாரத்தில் ஜமக்காளம், போர்வை, துண்டு ஆகியவற்றை இணையவழி விற்கும் சிறு வணிகர்கள்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஈரோடு.

பொருள்: இணையச் சந்தைகள் ரேட்டிங், ரிவியூ முறைகளை முன்னறிவிப்பின்றி மாற்றுவதைக் கட்டுப்படுத்தவும், விற்பனையாளர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல வழி செய்யவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பவானியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் நெய்யப்படும் ஜமக்காளத்தை இணையச் சந்தைகளில் விற்றுப் பிழைக்கும் குடும்பத்தினர் நாங்கள். எங்களில் சிலருக்குச் சொந்தத் தறி உண்டு. மற்றவர்கள் தறிக்காரர்களிடம் வாங்கி விற்கிறோம். பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக வீட்டு முன்னறையிலேயே பேக்கிங் செய்து, சாயங்காலம் வரும் பிக்கப் வண்டியில் ஏற்றிவிடும் தொழில் இது. சிறுதொழில்களுக்கான ஒன்றிய அரசின் உத்யம் பதிவும் ஜிஎஸ்டி எண்ணும் முறையாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு விற்பனையிலும் ஜிஎஸ்டி சட்டப்படி பிடிக்க வேண்டியதைச் சந்தை நிறுவனமே பிடித்துக்கொண்டுதான் மீதியை எங்களுக்கு அனுப்புகிறது. ஆகவே நாங்கள் முகவரி தெரியாத ஆட்கள் அல்ல.

கடைத்தெருவில் கடை வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியும். குறை இருந்தால் நேரில் வந்து சொல்வார், மாற்றிக் கொடுத்துவிடலாம். இணையத்தில் எங்களுக்கு அந்த முகத்துக்குப் பதிலாக இருப்பது ரேட்டிங் ஒன்றுதான். அது நான்குக்குக் கீழே இறங்கினால் எங்கள் பொருள் தேடலில் பின்பக்கங்களுக்குப் போய்விடுகிறது. மேலே வர வேண்டுமென்றால் விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். இன்னும் இறங்கினால் அக்கவுண்ட்டையே நிறுத்திவைக்கிறார்கள். அதில் சேர்ந்திருக்கும் விற்பனைப் பணமும் உள்ளே நின்றுவிடுகிறது. எங்கள் பிழைப்பை இவ்வளவு தூரம் தீர்மானிக்கும் ஒரு முறையை, நாங்கள் விற்கும் சந்தை நிறுவனம் அடுத்தடுத்து மாற்றியிருக்கிறது. ஒரு மாற்றத்தைக்கூட எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலையில் செல்லர் பக்கத்தைத் திறக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறோம்.

முதல் மாற்றம், எழுத்தே இல்லாத ஸ்டார். முன்பு வாங்கியவர் ரேட்டிங் கொடுக்கும்போது இரண்டு வரியாவது எழுதுவார். "சாயம் போகிறது", "படத்தில் இருந்த சிவப்பு இது இல்லை", "ஓரம் நேராக இல்லை" என்று எழுதினால் அதில் நாங்கள் திருத்திக்கொள்ள ஏதாவது இருக்கும். எங்களில் பலர் பார்சலுக்குள் "முதல் முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசவும்" என்று சீட்டு வைக்க ஆரம்பித்தது அப்படி வந்த ரிவியூக்களைப் படித்துத்தான். இப்போது போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், ஒரு ஸ்டார் விழுந்துவிடும். எதற்காக விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜமக்காளம் முரட்டு நூலில் நெய்வது, மெத்தை விரிப்பு மாதிரி வழுவழுப்பாக இருக்காது. அதைத் தெரியாமல் வாங்கிய ஒருவர் கொடுத்த ஒரு ஸ்டாரும், உண்மையிலேயே கிழிந்த சரக்கு போய் அதற்காக விழுந்த ஒரு ஸ்டாரும் எங்கள் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

இரண்டாவது, பதில் எழுதும் வசதியை எடுத்துவிட்டார்கள். முன்பு குறை சொன்ன ரிவியூவுக்குக் கீழே நாங்கள் பதில் எழுதலாம். வேறு சரக்கு அனுப்பிவிட்டோம், வாடிக்கையாளரும் பெற்றுக்கொண்டார் என்று எழுதினால், அடுத்து வாங்க வருபவர் இரண்டையும் படித்துத் தானே முடிவு செய்வார். இப்போது குறை மட்டும் நிற்கிறது, தீர்த்த கதை எங்கும் இல்லை.

மூன்றாவது மாற்றம்தான் எங்களை அதிகம் அடித்தது. முன்பு ஒரு வருட ரேட்டிங்கைச் சேர்த்துச் சராசரி பார்த்தார்கள். இப்போது கடைசி 30 நாள்தான் கணக்கு. எங்கள் வியாபாரம் முகூர்த்த மாதங்களிலும் தீபாவளி, பொங்கல் சமயத்திலும் ஓடும். கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். ஓர் உதாரணம் சொல்கிறோம். வருடத்தில் 200 பேர் ரேட்டிங் கொடுத்து, அதில் இருவர் ஒரு ஸ்டாரும் மற்ற அனைவரும் ஐந்து ஸ்டாரும் கொடுத்திருந்தால் சராசரி 4.96. அதே இருவர், எட்டுப் பேர் மட்டுமே ரேட்டிங் கொடுத்த ஆடி மாதத்தில் வந்துவிட்டால் சராசரி 4.0. சரக்கு அதே, கடை அதே, அனுப்பிய கைகளும் அதே. திருப்தியாக வாங்கியவர்களில் பலர் எதையும் தட்டாமல் போய்விடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விற்பனை குறைந்த மாதத்தில் சிறு விற்பனையாளரின் ரேட்டிங் இரண்டு மூன்று பேர் கையில்தான் இருக்கிறது. மாதம் ஆயிரக்கணக்கில் விற்கும் பெரிய விற்பனையாளருக்கு இந்த விதியால் எதுவும் ஆகாது.

டெலிவரியும் எங்கள் கையில் இல்லை. சந்தை நிறுவனத்தின் வண்டிதான் வந்து எடுக்கிறது, அவர்களின் கிடங்கு வழியாகத்தான் போகிறது, அவர்களின் ஆள்தான் வீட்டில் கொடுக்கிறார். பார்சல் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தால் விழும் ஒரு ஸ்டார் மட்டும் எங்கள் பெயரில் ஏறுகிறது. நீக்கச் சொல்லி எழுதினால், படித்துப் பார்க்காமலே வரும் ஒரே வார்ப்புப் பதில்: "எங்கள் கொள்கைப்படி இந்த மதிப்பீட்டை நீக்க இயலாது."

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். ஒரே பொருளை விற்பதாகச் சொல்லும் எல்லா விற்பனையாளர்களையும் இணையச் சந்தை ஒரே பக்கத்தில் சேர்த்துவிடுகிறது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட ரகம். இந்த ஊர்ச் சரக்குக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என்று காட்டும் புவிசார் குறியீடும் பவானி ஜமக்காளத்துக்கு இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய போலிச் சரக்கைப் "பவானி ஜமக்காளம்" என்று பெயரிட்டு, நாங்கள் எடுத்த படம் இருக்கும் அதே பக்கத்தில், எங்களுடைய விலையில் பாதிக்கு விற்கிறார்கள். அதை வாங்கி ஏமாந்தவர் நியாயமாகவே கோபப்பட்டு ஒரு ஸ்டார் போடுகிறார். அது அந்தப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எல்லோர் தலையிலும் விழுகிறது. அகலமான ஜமக்காளத்தைக் குழித்தறியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். நாங்கள் ஆர்டரை நிறுத்தினால் அவர்களின் தறியில் பாவு (நீளவாட்டில் கட்டிய நூல்) அப்படியே நிற்கும், இருவரின் கூலியும் நிற்கும். போலிக்காரருக்கோ அந்த இணையப் பக்கம் போய்விட்டால் வேறு பெயரில் வேறு இணையப் பக்கம் இருக்கும்.

ரிட்டர்ன் விஷயத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்குத் திரும்பி வந்த பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தோம். நாங்கள் ஒட்டிய டேப்புக்கு மேல் வேறு நிற டேப் ஒட்டியிருந்தது. உள்ளே புது ஜமக்காளத்துக்குப் பதிலாக, சாயம் வெளுத்துத் தொடைப் பக்கம் கிழிந்த ஒரு பழைய லுங்கி. எடைக்காகச் செய்தித்தாளும் சேர்த்துச் சுருட்டியிருந்தார்கள். வாங்கியவருக்குப் பணம் முழுதாகத் திரும்பிப் போயிருந்தது, எங்களுக்கு ஒரு ஸ்டாரும் கிடைத்திருந்தது. வீடியோவை அனுப்பினோம். இழப்பீட்டில் ஒரு பகுதி வந்தது. ஸ்டார் மட்டும் போகவில்லை.

ரேட்டிங் முறையே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. வாங்குபவருக்கு அது அவசியம், நேர்மையாக விற்பவருக்கும் அவசியம். ஐந்து ஸ்டார் போட்டால் பணம் தருகிறோம் என்று பார்சலில் அட்டை வைக்கும் விற்பனையாளர்களால் முதலில் நட்டப்படுவது நாங்கள்தான். வாங்குபவருக்கு நாங்களும் மோசமான ரேட்டிங் போட உரிமை வேண்டும் என்றும் கேட்கவில்லை. அமெரிக்க இணையச் சந்தையான ஈபே நிறுவனம் அந்த முறையை வைத்திருந்து 2008 மே மாதம் எடுத்துவிட்டது. விற்பவர் பழிக்குப் பழியாக ரேட்டிங் போடுவார் என்று பயந்து வாங்குபவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்கினார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்த அறிவிப்பு வந்தபோது, அந்த ஆண்டு பிப்ரவரியில், அங்குள்ள விற்பனையாளர்கள் சரக்குப் போடாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் அந்தக் காரணத்தில் நியாயம் இருந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம். தனக்கு வந்த ரிவியூவுக்குக் கீழே பதில் எழுதும் உரிமை அங்கேகூடப் பறிக்கப்படவில்லை. எங்களுக்கு அதுவும் இல்லை.

சட்டம் எங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விற்பனையாளரின் ரேட்டிங்கைச் சந்தை நிறுவனம் காட்ட வேண்டும் என்கின்றன. பொருள்களை வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களை எளிய மொழியில் விளக்க வேண்டும் என்கின்றன. விற்பவர் நுகர்வோர் வேடமிட்டு ரிவியூ எழுதக் கூடாது என்று எங்களுக்கும் கட்டுப்பாடு விதிக்கின்றன. இவை எல்லாம் சரி. நுகர்வோர் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று காலக்கெடுவும் வைத்திருக்கிறார்கள். விற்பனையாளர் தன் ரேட்டிங்கைப் பற்றிப் புகார் செய்தால் எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்பதற்கு அந்த விதிகளில் ஒரு வரி இல்லை. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவியூக்களுக்கென வெளியிட்ட ஐ.எஸ். 19000:2022 தரநிலை நல்ல முயற்சி. ஆனால் அது கட்டாயமாக இல்லாமல் விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதாகவே கொண்டுவரப்பட்டது.

எங்கள் குறை புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் வெளியிட்ட மின்வணிக ஆய்வறிக்கையிலேயே, ரேட்டிங், ரிவியூ முறையில் வெளிப்படைத்தன்மை வேண்டும், உண்மையில் வாங்கியவரின் ரிவியூ மட்டுமே வெளிவர வேண்டும், ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றும் முன் விற்பனையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சந்தை நிறுவனங்களை வலியுறுத்தியது. அதைத் தாங்களாகவே செய்துகொள்ளட்டும் என்று நிறுவனங்களிடமே விட்டது. செய்யவில்லை என்பதற்கு நாங்களே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்து 2020 ஜூலை 12 முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குமுறையில், நிபந்தனைகளை மாற்றக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, விற்பனையாளர் புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே ஓர் அமைப்பு, அதிலும் தீராவிட்டால் சமரசம் பேச வெளியாள் என்று மூன்றையும் எழுதிவைத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மின்வணிக விதிகளைத் திருத்தும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் தங்களிடம் வருகிறோம். நாங்கள் தனித்தனியாக தில்லிக்கு எழுதினால் போய்ச் சேராது. தமிழ்நாடு அரசின் கடிதமாகப் போனால் அதற்கு மதிப்பு வேறு. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரங்கள் துறைக்கு எழுதி, கீழ்க்கண்டவற்றை விதிகளில் சேர்க்கச் சொல்லுமாறு வேண்டுகிறோம். ரேட்டிங் கணக்கிடும் முறையை மாற்றினால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, அதுவும் தமிழ் உள்ளிட்ட விற்பனையாளரின் மொழியில். மூன்று ஸ்டாருக்குக் குறைவாகக் கொடுப்பவர் காரணத்தையாவது தேர்ந்தெடுக்க வேண்டும். டெலிவரி காரணம் என்றால் அது டெலிவரி செய்த நிறுவனத்தின் கணக்கில் சேர வேண்டும். விற்பனையாளரின் பதில் ரிவியூவுக்குக் கீழேயே தெரிய வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் ரேட்டிங் பெறுபவருக்கு 30 நாள் சராசரியை வைத்து அக்கவுண்ட்டை நிறுத்தக் கூடாது. ரேட்டிங் தொடர்பான புகாரை மனிதர் ஒருவர் பார்த்து, நுகர்வோர் புகாருக்கு உள்ளதைப் போலவே காலக்கெடுவுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பக்கத்தில், அங்கீகரிக்கப்பட்டவர்களின் சரக்குக்கான ரிவியூக்கள் தனியாக இருக்க வேண்டும்.

மாநில அரசே செய்யக்கூடியதும் இருக்கிறது. செயலி வழியாக வேலை செய்யும் ஊழியர்களுக்கென 2023-இல் நலவாரியம் அமைத்த அரசு இது. ரேட்டிங் ஒன்று ஒருவரின் சோற்றில் எப்படிக் கைவைக்கும் என்பது இந்த அரசுக்குப் புதிதாக விளக்க வேண்டிய விஷயம் அல்ல. மாவட்டத் தொழில் மையங்களில் இணையவழி விற்பனையாளர்களின் புகாரைப் பெற ஓர் அலுவலரை நியமித்து, அவர் வழியாகச் சந்தை நிறுவனத்தின் பொறுப்பு அலுவலருக்கு அனுப்பும் ஏற்பாடு செய்தால் போதும். சரக்கு வாங்கியவர்கள் சிறுதொழில்களுக்குத் தராமல் வைத்திருக்கும் பாக்கிப் பணத்தைக் கேட்டு முறையிடச் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் வசதியாக்கல் மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் ரேட்டிங் காரணமாக நிறுத்திவைக்கப்பட்ட பணத்தைக் கேட்க எந்தக் கதவைத் தட்டுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மன்றங்களிலேயே இதையும் விசாரிக்க முடியுமா என்று சட்டத் துறையிடம் கருத்துக் கேட்டுத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்ட அமலாக்க அலுவலர்கள் கடைகளில் சோதனை செய்வதுபோல் இணையப் பக்கங்களையும் சோதிக்குமாறு கைத்தறித் துறைக்குத் தாங்கள் எழுதினால் போலிச் சரக்கின் வேகமாவது குறையும்.

தீபாவளி ஆர்டர்கள் தொடங்குவதற்கு முன், தங்கள் துறையும் சந்தை நிறுவனங்களின் பிரதிநிதிகளும் நாங்களும் உட்கார்ந்து பேச ஈரோட்டில் ஒரு கூட்டம் நடத்தித் தருமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பவானி வட்டார இணையவழிச் சிறு விற்பனையாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: பவானி

இணைப்பு: ரேட்டிங் பக்கங்களின் நகல்கள், நிறுவனத்திடமிருந்து வந்த பதில்கள், ரிட்டர்ன் பார்சல் பிரித்த வீடியோ அடங்கிய பென் டிரைவ், உத்யம் பதிவுச் சான்றுகளின் நகல்கள்.

நகல்: கைத்தறித் துறை இயக்குநர் அவர்கள், சென்னை, பொது மேலாளர் அவர்கள், மாவட்டத் தொழில் மையம், ஈரோடு.