மாற்றித் தந்த போனுக்கு எந்தத் திகதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் திகதி முத்திரை குத்தியவன் நான். ஒரு நாள் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன என்று கேட்பவர்களோடு கவுண்டரில் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். அப்படிப்பட்டவனே ஒரு போன் விஷயத்தில் திகதி பார்க்காமல் ஏமாந்தேன்.

2024 பெப்ரவரி 12ஆம் திகதி மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கடையில் மகளுக்கு ஸ்மார்ட்போன் வாங்கினேன். ஒரு வருட வொரண்டி. டிசம்பர் 16ஆம் திகதி சார்ஜ் ஏறாமல் நின்றது. மாரிகாலம் என்பதால் தண்ணீர் பட்டிருக்கும் என்றார்கள். சிம் தட்டைக் கழற்றி, உள்ளேயிருந்த சின்ன வெள்ளை ஸ்டிக்கர் நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் பொறுப்பெடுத்தார்கள். செட் கொழும்புக்குப் போய் ஏழு கிழமை கிடந்தது. திருத்த முடியாதாம். 2025 பெப்ரவரி 3ஆம் திகதி வேறு செட் தந்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷமாகக் கல்லடிப் பாலம் தாண்டி வீடு வந்தேன்.

பெப்ரவரி 26ஆம் திகதி அதுவும் சூடேறி அணைந்துவிட்டது. கொண்டுபோனால், “வொரண்டி முடிஞ்சி பெய்த்து ஐயா, நாங்க என்ன செய்யிற?” என்கிறார் கடைப் பையன். கணக்குப் பாருங்கள். பழைய பில்லின் திகதிப்படி, என் கைக்கு வந்த மாற்றுச் செட்டுக்கு மிஞ்சியிருந்த உத்தரவாதம் எட்டே நாள். செட் கொழும்பில் கிடந்த ஏழு கிழமையும் என் கணக்கிலிருந்தே கழிந்திருக்கிறது. அந்த நாட்களில் போனைப் பாவித்தது யார்?

இன்னொரு கூத்து. *#06# என்று அழுத்தினால் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். ஒரு செட்டுக்கு உள்ள எண் இன்னொன்றுக்கு வராது. என் உத்தரவாத அட்டையில் இருப்பது பழைய செட்டின் எண். கையில் இருப்பதோ வேறு செட். ஆக, மாற்றித் தந்த போனுக்கு என்னிடம் பில்லும் இல்லை, அட்டையும் இல்லை. களவு போனால் பொலிசில் எந்த எண்ணைச் சொல்வேன்? சீல் இல்லாத வெறும் வெள்ளைப் பெட்டியில் வந்தது அது. புதுச் செட்டா, யாரோ திருப்பிக் கொடுத்ததைத் திருத்தியதா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் பிழை.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வருடம் என்றால், ஒரு போனை வாங்கியவர் ஆயுள் முழுக்க ஓசியில் ஓட்டலாம். அவரும் இடையில் நிற்பவர்தான், தீர்மானிப்பது கம்பனி. ஆனால் இதற்கு நடுவழி இல்லாமல் இல்லை. ஆப்பிள் கம்பனியின் உத்தரவாதத்தில், மாற்றிக் கொடுத்த பொருளுக்குப் பழைய காலத்தின் மிச்சம் அல்லது 90 நாள், இரண்டில் எது கூடவோ அது என்று எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கில் என் போனின் உத்தரவாதம் மே மாதம் வரை இருந்திருக்கும். மெல்பர்னில் இருக்கும் மருமகனிடம் புலம்பியபோது, அங்கே மாற்றிக் கொடுத்த பொருளையும் புதிதாக விற்றதைப் போலவே சட்டம் பார்க்கிறது என்றான். தேடிப் பார்த்தேன், உண்மைதான்.

இங்கேயும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி முறையிட வழி தருகிறது. விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, காசைத் திருப்பவோ அதிகார சபை கட்டளையிடலாம். முறைப்பாட்டை, பொருளை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. மாற்றுச் செட்டை எனக்கு யாரும் விற்கவில்லையே! நான் மூன்று மாதத்தை எங்கிருந்து எண்ணுவது? எதற்கும் இருக்கட்டும் என்று அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு, மார்ச் முதல் கிழமையே எழுதிக் கொடுத்தேன். பில் சூட்டில் அச்சாகும் வகைத் தாள், அதற்குள் பாதி வெளிறிவிட்டது. நல்லகாலம், வாங்கிய அன்றே போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருந்தேன்.

அதே சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. அதைக் கொண்டு இரண்டு காரியம் செய்யட்டும். திருத்தக் கொடுத்த நாட்களை உத்தரவாதக் காலத்தில் கழிக்கக் கூடாது. மாற்றிக் கொடுக்கும் பொருளின் இலக்கம், கொடுத்த திகதி, அது புதிதா திருத்தியதா என்பதை அட்டையில் எழுதிச் சீல் குத்த வேண்டும், அதுவும் தமிழில். என் அட்டையில் ஆங்கிலமும் சிங்களமும்தான் இருக்கின்றன.

போன கிழமை அடுத்த வீட்டுத் தங்கச்சிக்கு ரைஸ் குக்கர் ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள். நானும் கூடப் போனேன். அட்டையின் பின்பக்கத்தில் புது இலக்கமும் திகதியும் எழுதிச் சீல் குத்தும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. சீலில் மை காய்ந்திருந்தது. இன்னொருக்கால் குத்தச் சொன்னேன். அந்தத் தம்பிக்கு என்மேல் சரியான கோபம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்,
ஆரையம்பதி.