சாந்தில் பதிந்த விரல்கள்

கோர்ட்டெஸ், கொலராடோ

அன்பு மகள் கயலுக்கு,

நீ முன்பதிவு செய்துவிட்டு வேலை காரணமாக வர முடியாமல் போன மேசா வெர்டேயை, அதாவது பழங்காலப் பியூப்ளோ மக்கள் செங்குத்துப் பாறைக் குடைவுகளுக்குள் வீடு கட்டி வாழ்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நானும் அம்மாவும் நேற்று இரவு அறைக்குத் திரும்பினோம். தொலைபேசியில் பேசினால் நீ என் முழங்காலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

அங்கே சுமார் 150 அறைகள் கொண்ட கிளிஃப் பேலஸ் என்ற குடியிருப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தோம். அழகுதான், ஆனால் படத்தில் பார்ப்பது போலவே இருந்தது. என் மனம் நின்றது பால்கனி ஹவுஸ் என்ற இன்னொரு குடியிருப்பில். 32 அடி மர ஏணியில் ஏறிப் போய், திரும்பும் வழியில் 12 அடி நீளமும் 18 அங்குல அகலமும் உள்ள பொந்துக்குள் தவழ வேண்டும். அம்மா எனக்கு முன்னால் தவழ்ந்து போய், மறுமுனையில் நின்று என் தோள்பையை இழுத்து வாங்கிக்கொண்டாள்.

நாற்பது ஆண்டுகள் கட்டட வேலையில் இருந்தவன் கண் சுவருக்குத்தானே போகும்? இரும்பே இல்லாத அந்தப் பியூப்ளோ மக்கள் மணற்பாறையைக் கல்லாலேயே கொத்திச் சீராக்கி, மண்ணும் சாம்பலும் நீரும் குழைத்த சாந்தில் வரிசை பிசகாமல் அடுக்கி, இடுக்குகளில் சில்லுக்கல் செருகியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அந்தச் சாந்தை அழுத்திய விரல்களின் தடம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படியே இருக்கிறது. தொடக்கூடாது என்பதால் அம்மா தன் சுண்டுவிரலைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அளவு பார்த்தாள். அது இவளுடையதைவிடச் சிறியது.

மழைநீரும் பனிநீரும் மணற்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள களிப்பாறையைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் கசிகின்றன. அந்த ஈரம் குளிரில் உறைந்து விரிந்து பாறையைப் பெயர்த்துப் பெயர்த்தே இந்தக் குடைவுகள் உண்டாயின. ஆக, வீடு கட்ட இடம் தந்ததும் குடிக்க ஊற்றுத் தந்ததும் ஒரே கசிவுதான்.

போன வாரம் இங்கே வாழ்ந்தவர்களை "மர்மமாக மறைந்துபோன இனம்" என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது தவறு. 1276 முதல் 1299 வரை நீடித்த வறட்சியை மரங்களின் ஆண்டு வளையங்கள் காட்டுகின்றன. அதோடு விளைச்சல் குன்றிய நிலமும் பூசல்களும் சேர, 1300 வாக்கில் எல்லோரும் தெற்கே போய்விட்டார்கள். அவர்கள் வழிவந்த ஹோப்பி, சூனி, அக்கோமா மக்களும் ரியோ கிராண்டே கரைப் பியூப்ளோ ஊரார்களும் இன்றும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் வாழ்கிறார்கள். பழைய புத்தகங்களில் இவர்கள் முன்னோருக்கு வரும் "அனசாசி" என்ற பெயர் நவஹோ மொழிச் சொல். அதற்கு "பழைய பகைவர்" என்ற பொருளும் உண்டு என்பதால் இவர்கள் அதை விரும்புவதில்லை. நானும் இனி அதைச் சொல்ல மாட்டேன்.

மாலையில் பள்ளத்தாக்கின் பக்கவாட்டில் 2.4 மைல் நடந்து, பாறையில் செதுக்கிய கைகளையும் சுருள்களையும் பார்த்தோம். அவற்றை ஹோப்பி முதியவர்கள் தங்கள் குலங்கள் இடம்பெயர்ந்த கதையாகப் படித்துச் சொல்லியிருக்கிறார்களாம். ஏழாயிரம் அடி உயரத்தில், ஆளுக்கு ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பியது என் மடத்தனம்; பாதி வழியில் என்னுடையது தீர்ந்து, அம்மாவுடையதில்தான் மீதி நடை.

அக்டோபரில் உனக்கு விடுப்புக் கிடைத்தால் சொல், இன்னொரு முறை ஏணி ஏற நான் தயார். முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா