தட்டில் என்ன இல்லை, முரளி?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் பாதியில் எடுத்து வைத்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அவள் கேட்ட பாடமே கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், உன் விஷயத்தோடு சம்பந்தப்பட்டதுதான்.

தானியத்தை நிறுத்திவிட்டேன், எண்ணெயை நிறுத்திவிட்டேன், பழத்தில் சர்க்கரை இருக்கிறதாம், அதையும் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். காலையில் புரோட்டீன் பவுடர், மதியம் முட்டை, ராத்திரி மறுபடியும் பவுடர். பத்து நாளில் நான்கு கிலோ குறைந்தது, அதற்கப்புறம் எடை மெஷினில் முள் அசையவில்லை. யார் பேசினாலும் எரிச்சல், ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து சாப்பாட்டு நினைப்பு. இதையெல்லாம் எழுதிவிட்டு, எனக்கு மனவுறுதி போதவில்லை என்று முடித்திருந்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது மனவுறுதிக் குறைவு இல்லடா. 1944-45-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதியை மட்டும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் தாங்களாகவே முன்வந்தவர்கள். அவர்களுக்கும் எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். உடம்பு பட்டினி கிடக்கும்போது மனசு அப்படித்தான் போகும். அதற்காக நீ உன்னையே திட்டிக்கொள்ளாதே.

அந்த முதல் நான்கு கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, மொத்தம் அரைக் கிலோ போல இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது தன்னோடு பிடித்து வைத்திருக்கும். தானியத்தை ஒரேயடியாக நிறுத்தினால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான், தண்ணீரும் கூடவே போய்விடும். உனக்குக் குறைந்ததில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும். கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது.

இதையெல்லாம் நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வழியில் போனவன், உன்னிடம் அப்போது சொல்லவில்லை. ஜிம்மில் 60 கிலோ வைத்து ஸ்குவாட் செய்துகொண்டிருந்தவனுக்கு இரண்டு மாதத்தில் 45 கிலோவே மலையாகத் தெரிந்தது. சீப்பில் கொத்தாக முடி வந்தது. பிறகுதான் ஓர் உணவு ஆலோசகரிடம் போனேன். எதை நிறுத்தணும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், ஏழு நாள் வாயில் போடுவது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

எழுதினேன். அந்த நோட்டு இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது. ஏழு நாளில் காய்கறி வந்தது இரண்டே நாள், அதுவும் வியாழக்கிழமை நாலு துண்டு வெள்ளரி. பழம் ஒரே ஒரு வாழைப்பழம். கீரை என்ற சொல்லே கிடையாது. புரதம் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் நிரம்பி வழிந்தது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, இருந்ததில் ஒன்றைக்கூட அடிக்கவில்லை, இல்லாததை எல்லாம் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். சரிவிகித உணவு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

நீ கொழுப்பை எதிரியாகப் பார்க்கிறாய். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, அதனால் அளவு பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடம்பு ஒழுங்காக எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். தானியத்தை முழுக்க விட்டால் நார்ச்சத்தும் குறைந்துபோகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும், காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீ கூச்சப்பட்டு ஒரே வரியில் எழுதியிருந்த மலச்சிக்கலுக்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். பழத்தின் சர்க்கரைக்குப் பயப்படாதே. அந்த நிறுவனம் குறைக்கச் சொல்வது நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றில் இருப்பதை, முழுப்பழத்தில் இருப்பதை அல்ல.

புரதம் நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை. உன் 78 கிலோவுக்கு 1.6 என்று வைத்தால் 125 கிராம் வருகிறது. அதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள். ஒரு முட்டையில் ஆறு கிராம் கிடைக்கும், அப்புறம் பருப்பு, பயறு, மீன், தயிர் எல்லாம் இருக்கிறது, பவுடர் ஒரு வேளைக்குக் கைகொடுக்கட்டும், தினம் இரண்டு வேளைச் சாப்பாடே அதுவாக வேண்டாம். சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதே, உன் அப்பாவுக்கு இருந்தது நினைவிருக்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடு.

எடை குறையணும், கையும் திரளணும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறாய். புதிதாகப் பயிற்சி ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து நடப்பதுண்டு, ஆனால் மெதுவாக நடக்கும். இப்போது சாப்பிடுவதை வைத்துக் கணக்குப் போடாதே, எடை ஏறாமல் இறங்காமல் இருக்க உனக்கு எவ்வளவு வேண்டுமோ அதில் 300, 400 கலோரி மட்டும் குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம். நாளைக்கே மாரத்தான் ஓடப் போகிறேன் என்று நீ சொன்னால் தானியத்தைக் கூட்டச் சொல்வேன், தசைதான் முக்கியம் என்றால் மொத்தச் சாப்பாட்டையே கொஞ்சம் கூட்டச் சொல்வேன். குறிக்கோளுக்குத் தக்கபடி அளவுதான் ஏறி இறங்கும். எதுவும் தட்டை விட்டு வெளியே போகாது.

தினமும் எடைபோட்டுச் சாப்பிட எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கும் இருக்காது. நான் தட்டைப் பார்ப்பதோடு சரி. பாதித் தட்டு காய்கறி, பழம், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், கால் பங்கு புரதம், சமையலில் அளவாக எண்ணெய். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2011-இல் போட்ட படம் இது, எனக்கு ஒத்துவந்தது. பாக்கெட் தின்பண்டங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். வைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியும் பதப்படுத்தியதைத் தின்ற நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது.

அம்மா கதைக்கு வருகிறேன். பல் வலி வந்ததிலிருந்து ராத்திரி பாலும் பிஸ்கட்டும் போதும் என்று இருந்தவர், மெலிந்துகொண்டே வந்தார், காலில் சதையே இல்லை. இப்போது மூன்று வேளையும் குழைய வேகவைத்த பருப்போ முட்டையோ உண்டு, மசித்த காய் உண்டு, கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, காலையில் பத்து, மாலையில் பத்து. நாலு மாதமாகிறது. முந்தாநாள் கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறி வந்து என் பின்னால் நின்றார், நான் திடுக்கிட்டுப் போனேன்.

நாளைக்கு ஒரு நோட்டு வாங்கு. ஏழு நாள் எழுதி, எதையும் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து எதையாவது தின்றிருந்தால் அதையும் சேர்த்து. சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
சேகர்