கையெழுத்துப் போட வருகிறேன், தம்பி

தம்பிக்கு,

பத்திர ஆபீசுக்கு வருகிறேன் என்று நேற்றுதான் வக்கீலிடம் சொன்னேன். உனக்கு இந்நேரம் தகவல் வந்திருக்கும். அப்பாவின் வருசத் திதி முடிந்த மறுநாளே வைத்துக்கொள்ளலாம். காடு, கிணற்றில் பங்கு, கரண்ட் சர்வீஸ், தடம் எல்லாமே உன் பேருக்கு.

போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் மூணாவது நிமிசத்தில் ரெண்டு பேரும் சத்தம் போட ஆரம்பித்துவிடுகிறோம். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் அந்தக் கடன் விசயத்தை இங்கே எடுக்கவில்லை. போன தடவை நீ சொன்ன வார்த்தையையும் எழுதவில்லை.

உன் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்குக்கு என் இடத்தில் பெரியப்பா மகள் நின்றாள். கூடப் பிறந்தவள் இருக்கும்போது இன்னொருத்தி நின்றால் நம்ம பக்கம் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? 2011 ஆவணி. நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருசம். விசா முத்திரை காலாவதியாகிக் கிடந்தது. வந்தால் புதுசாகக் குத்தித்தான் திரும்ப முடியும். இயற்பியல் ஆராய்ச்சி என்றால் கூடுதல் விசாரணை வேறு, வாரமும் ஆகலாம், மாசமும் ஆகலாம். இங்கே அமெரிக்காவில் செமஸ்டர் தொடங்கியிருந்தது. அப்போதும் இதைத்தான் சொன்னேன், அத்தனையும் நிசம். ஆனாலும் வேலை போனால் போகட்டும் என்று வந்திருக்கலாம். வரவில்லை. மன்னித்துக்கொள். அந்த ஆல்பத்தை நான் இன்னும் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டியதில்லை.

நீ தூங்கிவிட்டதால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஒன்பதாவது படிக்கிறேன், சித்திரை மாசம், ராத்திரிக் கரண்ட். நீ வேப்பமரத்தடிக் கட்டிலில் கிடந்தாய். மோட்டார் ஓடுகிறது, தண்ணி வரவில்லை. சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றச் சொன்னார் அப்பா. குடம் குடமாக ஊற்றினேன், முழங்கை வரைக்கும் சாணி. கொஞ்சம் துப்பிவிட்டு நின்றுபோனது. அஞ்சடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, மோட்டார் திட்டில் உட்கார்ந்து கீழே விட்டார். நான் டார்ச் பிடித்தேன். அவர் கையிலிருந்து அஞ்சாவது முடிச்சும் நழுவி, அதற்குப் பிறகுதான் கல் தண்ணியில் விழுகிற சத்தம் கேட்டது.

"இருபத்தஞ்சு அடிக்கு மேல எடுக்காது கண்ணு. மோட்டாரத்தான் கீழ எறக்கோணும்."

"பெரிய மோட்டார் வாங்குனா?"

"மேலத்தோட்டத்துல ஏழரை எச்.பி. வெச்சிருக்கறாங்க. நம்முளுது அஞ்சு. ரெண்டுக்கும் அதே இருபத்தஞ்சுதான். அப்பக் கோளாறு மோட்டார்ல இல்லை. வேற எங்கியோ இருக்குது."

அன்றைக்கு விடிகிற வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை.

கோளாறு காற்றில் இருந்தது. மோட்டார் தண்ணியை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணியை வெளிக்காற்று அமுக்குகிறதே, அந்த அமுக்கல்தான் அதை மேலே ஏற்றுகிறது. அந்தக் காற்றின் பலம் 10.3 மீட்டரோடு, சுமார் 34 அடியோடு சரி. உராய்வும் கசிவும் போக 25 அடி மிஞ்சும். பம்பு அந்த ஊர் முழத்தில் பதினெட்டுக்கு மேல் எடுக்காது என்று ஒரு வேலையாள் சொன்னதை 1638லேயே கலிலியோ எழுதிவைத்திருக்கிறார். ஆனால் கலிலியோவுக்குக் காரணம் பிடிபடவில்லை. காற்றுதான் என்று சொன்னவர் அவருக்குப் பின்னால் வந்த டாரிசெல்லி. அதைக் கல்லூரியில் படித்தபோது அந்த வேலையாளின் முகம் எனக்கு அப்பா முகமாகத்தான் தெரிந்தது.

வருசா வருசம் முதலாமாண்டுப் பிள்ளைகளை மாடிப்படிக்குக் கூட்டிப்போவேன். நாலாவது மாடியிலிருந்து கண்ணாடி போன்ற ஹோஸ் ஒன்று கீழே வாளித் தண்ணிக்குள் தொங்கும். மேலே வெற்றிடப் பம்பு. தண்ணி ஒவ்வொரு மாடியாக ஏறி, பத்து மீட்டர் பக்கம் வந்ததும் நின்றுவிடும். பச்சைத் தண்ணி அந்த உச்சியில் கொதிக்கிற மாதிரி குமிழி விடும். பம்பை எவ்வளவு ஓட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. "கோளாறு பம்பில் இல்லை, அப்போது எங்கே?" என்று கேட்பேன். முதல் வருசம் ஒரு மாணவன், இந்தம்மா பேசுவதே புரியவில்லை என்று எழுதிக்கொடுத்தான். அந்தத் துறையில் அப்போது நான் ஒருத்திதான் பெண். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "மெதுவாப் பேசு சாமி" என்றார். அன்றிலிருந்து மெதுவாகத்தான் பேசுகிறேன்.

நீயோ விசேசத்துக்கு விசேசம் "அக்காளுக்கென்ன, டாலர்ல சம்பளம்" என்கிறாய். கிரீன் கார்டுக்கு எத்தனை வருசம் நின்றாய் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? வேலை வழியாக வருசா வருசம் கொடுக்கிற கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று சட்டம். நம்ம நாட்டுக்கும் அதே அளவு, குட்டித் தீவுக்கும் அதே அளவு. அப்பாவைக் கடைசி வரைக்கும் பார்த்தது நீதான், அதற்கு நான் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது. ஆனால் பார்த்ததைக் கணக்குப் போட்டு என் பங்கைக் கேட்டதும் நீதான்.

தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தாயிற்று. பொண்ணுக்குச் சீர் போதும் என்று ஒத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போடவில்லை. உன் மகள் இதைப் படிப்பாள். உங்க அத்தையே எழுதிக்கொடுத்தாள் என்று அவளிடம் நாளைக்குப் பத்திரத்தை நீட்டிவிடாதே.

சியென்-ஷியுங் வூ என்று ஒரு அம்மாள், சீனாவிலிருந்து 1936ல் கப்பலேறி இங்கே வந்தவர். பெண்பிள்ளைகள் படிக்கட்டும் என்று பள்ளிக்கூடமே ஆரம்பித்தவர் அவருடைய அப்பா. இயற்கை இடம் வலம் பார்க்காது என்று நம்பியிருந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது என்று 1957ல் அவருடைய சோதனை காட்டியது. அதே வருசம் நோபல் பரிசு, முன்கூட்டிச் சந்தேகப்பட்ட ரெண்டு ஆண்களுக்குப் போனது. இதை வகுப்பில் சொல்வேன். கப்பலேறிய பிறகு பெத்தவர்களை அவர் பார்க்கவே இல்லை, 1973ல் ஊருக்குப் போனபோது இருவருமே இல்லை என்பதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் மூணாம் நாளாவது வந்து சேர்ந்தேன். சாம்பலைத்தான் பார்த்தேன்.

கிணற்றை மூடி சைட் போடப்போகிறாயாம். போர் போட்டதிலிருந்து அதில் தண்ணி இல்லை, தெரியும். உன் இடம், உன் இஷ்டம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. மூடாதே தம்பி. மூடினாலும் கையெழுத்துப் போடுவேன், அதைச் சாக்காக வைத்து நிறுத்தமாட்டேன்.

மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஆணியில் அந்தக் கயிறு தொங்கும். எலி கடிப்பதற்குள் எடுத்து வீட்டில் வை. எனக்கு அது வேணும். முடிச்சு எதையும் அவிழ்த்துவிடாதே.

அக்கா