ஜோடி இல்லாதவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் கோடை வகுப்புகளைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. நீச்சல், கீபோர்டு, சிலம்பம், ஓவியம் என்று எல்லாம் இருந்தன, ஒன்றுவிடாமல் படித்தேன், அத்தனையும் 5 வயதிலிருந்து 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. எனக்கு 57 வயது. இந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்குச் சென்னையில் என்ன நடக்கிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொள்வது பால்ரூம் டான்ஸ். இரண்டு பேர் கைபிடித்து ஆடும் வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா, சா சா சா வகையறா. போட்டிகளில் மொத்தம் 10 ஆட்டங்கள். எனக்கு இப்போது தெரிந்தது வால்ட்ஸும் சா சா சாவும், அவற்றிலும் அடிப்படை அடிகள் மட்டும்.

இந்த ஆசை புதிதல்ல. நான் வளர்ந்தது பெரம்பூரில், அப்பாவுக்கு ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வேலை. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. டிசம்பர் வந்தால் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் இருக்கும், அதற்கு முன்பே அந்த வீட்டில் ஒத்திகை தொடங்கிவிடும். முன்னறையில் இருந்த மேஜை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இசைத்தட்டைப் போட்டு, அங்கிளும் ஆன்ட்டியும் ஆடுவார்கள். நாங்கள் நாலைந்து பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். ஆன்ட்டி பின்னாலேயே நடந்து போவார், திரும்பிப் பார்க்கவே மாட்டார், ஆனாலும் சுவரில் இடித்துக்கொள்ள மாட்டார். அது எப்படி முடிகிறது என்று எனக்கு அப்போது பெரிய ஆச்சரியம். அப்புறம் அந்தக் காலத்தில் பலர் போனதுபோல அவர்களும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலை பக்கம் இருந்த பழைய குடும்பங்களைக் கேட்டால் இப்படி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வால்ட்ஸ் சென்னைக்கு நேற்று வந்த ஃபேஷன் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பணி ஓய்வு பெற்ற பிறகு, போன வருஷக் கடைசியில், வகுப்பு தேட ஆரம்பித்தேன். முதலில் போன் செய்த இடத்தில் "கல்யாணத்துக்கா, சங்கீத்துக்கா?" என்று கேட்டார்கள். நாலு நாளில் ஒரு பாட்டுக்கு ஆடத் தயார் செய்துவிடுவார்களாம். எனக்கு ஒரு பாட்டு வேண்டாம், ஆட்டம் வேண்டும் என்றேன், அவர்களுக்குப் புரியவில்லை. அடுத்த இடத்துக்கு நேரிலேயே போனேன். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "உங்க பார்ட்னர் யாரு ஆன்ட்டி?" என்றாள். யாருமில்லை, நான் மட்டும்தான் என்றேன். "கப்பிள்ஸ் மட்டும்தான் எடுக்கிறோம் ஆன்ட்டி. நீங்க வேணும்னா ஏரோபிக்ஸ்ல சேர்ந்துக்கோங்களேன்." என் கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பெண்ணுக்கு அது தெரிய நியாயமில்லை, நானும் சொல்லவில்லை. படியிறங்கி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது என்பதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை.

ஆசிரியர் அவர்களே, இந்த நடைமுறை தேவையே இல்லாதது. இந்த ஆட்டம் பிறந்து வளர்ந்த நாடுகளில் தொடக்க வகுப்புக்கு ஜோடியோடுதான் வர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கிடையாது. வட்டமாக நிற்க வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு பக்கத்தவரை அடுத்த இடத்துக்கு நகரச் சொல்வார்கள், அப்படியே எல்லோரும் எல்லோரோடும் ஆடிவிடுவார்கள். இதனால் கற்றுக்கொள்வதும் வேகமாக நடக்கிறது, ஏனென்றால் ஒரே ஆளோடு ஆடினால் அவருடைய தப்புக்கு ஏற்றபடி நாமும் வளைந்து பழகிவிடுவோம். பெண்கள் அதிகமாக வந்தால் இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடட்டும், ஒருத்தி லீட் செய்ய, அதாவது ஆண் இடத்தில் நின்று ஆட்டத்தை நடத்திப்போகக் கற்கட்டும். ஆசிரியர் தேர்வுக்குப் போகிறவர்கள் ஆண் அடி, பெண் அடி இரண்டையும் ஆடிக்காட்ட வேண்டும், ஆகவே சொல்லித்தரத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது இடம் ஒரு மாடி ஹால். சின்ன வகுப்பு, 11 பேர், நாங்கள் 7 பெண்கள், 4 ஆண்கள். மாஸ்டர் ஜோடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்ன செருப்பு போட்டிருக்கீங்கம்மா?" என்றுதான் கேட்டார். நானோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். சின்ன வயதிலிருந்து ஆட்டம் என்றால் வெறுங்கால் என்றே பார்த்துப் பழகிய நமக்கு, ஷூ போட்டுக்கொண்டு ஹாலுக்குள் போவதற்கே மனசு கூசும். இந்த ஆட்டத்துக்கு ஷூ வேண்டும், அதிலும் அடிப்பாகம் தோலாக இருக்க வேண்டும். ரப்பர் சோல் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கு நேராக முழங்காலுக்குப் போகும். என் வயதில் சேர்கிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் பழைய ஆபீஸ் ஷூவைக் கொடுத்து, 250 ரூபாயில் தோல் சோல் அடித்து வாங்கிக்கொண்டேன். அதற்காக மட்டும் தனிப் பையில் வைத்திருக்கிறேன், தெருவில் போடுவதில்லை. சேலையும் சரிப்படாது. பின்னால் அடி வைக்கும்போது குதிகால் கொசுவத்தில் மாட்டும். சுடிதார்தான்.

முதல் இரண்டு வாரம் நடக்க மட்டுமே சொல்லிக்கொடுத்தார். முன்னால் நடந்தால் குதிகால் முதலில், பின்னால் நடந்தால் விரல் நுனி முதலில். அப்புறம் பாக்ஸ் ஸ்டெப். வலது கால் பின்னால், இடது கால் பக்கவாட்டில், வலது காலைக் கொண்டுவந்து சேர். இடது கால் முன்னால், வலது கால் பக்கவாட்டில், இடது காலைச் சேர். ஆறு அடியில் தரையில் ஒரு சதுரம். மாஸ்டர் ஒன், டூ, த்ரீ என்று எண்ணினார், எனக்கு அது காதில் ஏறவேயில்லை. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் இருக்கும் மொசைக் தரையில் ஆடிப் பார்த்தபோது வாய் தானாக "தகிட, தகிட" என்றது. என் மகள் சின்ன வயதில் பரதம் கற்றபோது கேட்டுக் கேட்டுப் பழகிய திஸ்ரம், மூன்று மூன்றாக எண்ணும் தாளக்கட்டு! அந்த நிமிஷத்திலிருந்து வால்ட்ஸ் எனக்கு அந்நியமாக இல்லை. அடி வைக்கும் விதம்தான் வேறு. அங்கே அரைமண்டியில் அமர்ந்து தரையைத் தட்ட வேண்டும், இங்கே தரையை வழித்துக்கொண்டு போக வேண்டும். வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு, அதாவது நிதானமான வேகம். வியன்னீஸ் வால்ட்ஸ் ஏறக்குறைய அதற்கு இரட்டிப்பு, அதை இப்போது நினைக்க வேண்டாம்.

எங்கே தடுக்கியது என்றால் அந்த "சேர்" என்ற மூன்றாவது தட்டில். கால் வந்து ஒட்டிக்கொள்ளும், ஆனால் உடம்பின் பாரம் அதன்மேல் வராது. பாரம் மாறாவிட்டால் அடுத்து எந்தக் கால் என்று காலுக்கே தெரியாது, உடனே கண் தரைக்குப் போகும், தலை குனிந்தால் தோள் குனியும், அதோடு எதிரில் இருப்பவரின் கையும் இறங்கிவிடும். தப்பு ஒன்று, கெட்டுப்போவது நாலு. ஒரு மாதம் இதிலேயே போயிற்று, போகட்டும். பரதத்தில் மூன்று மாதம் தட்டடவு என்ற முதல் அடியைப் போடாத பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் முதல் உருப்படியான அலாரிப்பு சொல்லித்தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. இந்த ஆட்டத்துக்கு மட்டும் ஏன் நாலு நாளில் ஒரு பாட்டு என்று அவசரப்படுத்துகிறோம்?

வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறான், ஐ.டி. கம்பெனியில் வேலை, என் மகன் வயது. அவனும் தனியாக வந்தவன். முதல் நாள் என் கையைப் பிடித்தபோது அவன் உள்ளங்கை ஜில்லென்று வேர்த்திருந்தது, ஒவ்வொரு அடிக்கும் "சாரிம்மா, சாரிம்மா" என்றான். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, ஒரு பாட்டு முழுக்க அவன் சாரி சொல்லவில்லை. அவன் நெஞ்சு முன்னால் வரும்போது எனக்குத் தெரிந்தது, நான் பின்னால் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை, சுவரில் இடிக்கவும் இல்லை. பெரம்பூர் ஜன்னலில் நின்றபோது புரியாதது அன்றைக்குப் புரிந்தது. அவன் கண் எனக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வயசுல யார் கையைப் பிடிச்சு ஆடப்போற?" என்று ஒரு விசேஷத்தில் உறவுக்கார அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார். அவருக்கும், அவரைப் போல நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆணின் வலது கை இருக்க வேண்டிய இடம் பெண்ணின் இடுப்பு இல்லை, முதுகுப்பக்கம் இடது தோள்பட்டை எலும்பு. அவள் இடது கை அவனுடைய மேற்கையில். அந்தப் பிடிக்கு இலக்கணம் இருக்கிறது, மாஸ்டர் வந்து விரல் விரலாகச் சரிசெய்கிறார். சந்தேகப்படுவதும் இன்றைக்கு வந்ததில்லை. 1816-ல் லண்டன் அரசவை விருந்தில் வால்ட்ஸ் ஆடியபோது டைம்ஸ் பத்திரிகையே அதை ஆபாசமான அந்நிய ஆட்டம் என்று கண்டித்து எழுதியது. நம் ஊரிலும் 1930களில் சதிரைப் பற்றி, அதாவது இன்றைய பரதத்தின் பழைய வடிவத்தைப் பற்றி, எத்தனை காரசாரமான வாதம், பத்திரிகைகளில் எத்தனை கடிதம்! 1935-ல் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியபோது நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அரங்கேற்றப் பத்திரிகை வராத வீடு இருக்கிறதா?

உடம்புக்கும் நல்லதுதான். 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்ததில், உடலுழைப்புப் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாக இருந்தது. ஆடியதால்தான் வரவில்லை என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி, தலைசுற்றல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. தனியாக வருபவரை உள்ளே விடுங்கள், ஆள் மாற்றி ஆட வையுங்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குவதற்கு முன் ஒரு வகுப்பாவது உட்கார்ந்து பார்க்கவிடுங்கள். விளம்பரத்தில் இளம் ஜோடியின் படத்தோடு, "தனியாகவும் வரலாம்" என்று ஒரு வரி சேருங்கள், அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் வருவார்கள் என்று பாருங்கள். உங்கள் பத்திரிகையும் அடுத்த தடவை வகுப்புப் பட்டியல் போடும்போது பெரியவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

இந்த மாதத்திலிருந்து நான் லீட் அடிகளும் கற்க ஆரம்பித்திருக்கிறேன். இடது கால் முன்னால், வலது கால் பக்கவாட்டில், சேர். பழகியது எல்லாம் தலைகீழ், மறுபடி முதல் வாரம் போல இருக்கிறது. பரவாயில்லை. எங்கள் வகுப்புக்கு அடுத்து ஒரு பெண் தனியாக வந்து நின்றால், அவளுக்கு ஜோடியாக நான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை