பதினாலுக்கு, இரண்டாம் மணி எழுதுவது

கொழிஞ்சாம்பாறை,
28.5.2021

அன்புள்ள பதினாலு,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? சித்திரையில் எழுத வேண்டிய கடிதம் வைகாசியில் வருகிறது. என் பட்டப்பெயருக்கு நான் என்றைக்காவது துரோகம் செய்திருக்கிறேனா? கோவை மாவட்டம் தினசரி கொரோனா எண்ணிக்கையில் சென்னையையே முந்திவிட்டது என்று செய்தியில் பார்த்ததிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது. 24ஆம் தேதி முதல் அங்கே மளிகைக் கடைகூடத் திறப்பதில்லையாமே, காய்கறி வண்டியாவது தெருவுக்கு வருகிறதா? இங்கே கேரளத்தில் 8ஆம் தேதியே எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து, உன் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பியதெல்லாம் போன பிறவியில் நடந்தது போலத் தோன்றுகிறது.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். நான்கைந்து முறை உன் எண்ணை அழுத்தவும் செய்தேன். மறுமுனையில் மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். நம் கூட்டாளி ரேடியோ, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியது உனக்குத் தெரியும். அவன் ஏன் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருந்தான் என்பது உனக்குத் தெரியாது. உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். மார்ச் 1ஆம் தேதி முதல் 60 வயது கடந்தவர்களுக்குப் போடத் தொடங்கினார்கள் அல்லவா, 19ஆம் தேதி அம்மாவை எங்கள் குடும்பாரோக்கிய கேந்திரத்துக்கு அழைத்துப் போனேன். "அம்மை குத்தறவன் வர்றான்னு குதிருக்குள்ள ஒளிஞ்சவ நானு, இன்னைக்கு நானே சேலை கட்டிட்டுப் போறேன் பாரு" என்று வழியெல்லாம் ஆட்டோக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். குதிருக்குள் இருந்து இழுத்துப் போட்டுக் குத்திய அந்தத் தழும்பு இன்னும் காசளவுக்கு இடது மேற்கையில் இருக்கிறது. நர்ஸ் அதைத் தடவிப் பார்த்து, பழைய சான்றிதழ் கையிலேயே இருக்கிறதே என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார்.

நான் அன்று பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் கையை அல்ல, நர்ஸின் கையை. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து. ஆளுக்கு அரை மில்லி. சிந்துவதற்கும் ஒட்டிக்கொள்வதற்கும் என்று சிறிது கூடுதலாகவே நிரப்பி அனுப்புகிறார்களாம். அந்தப் பெண் குப்பியைத் தலைகீழாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊசி முனையை ரப்பர் மூடியின் உள்விளிம்புவரை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். சிரிஞ்சில் அரை மில்லிக் கோட்டை மருந்து சரியாகத் தொட்டது. 10 பேருக்கான குப்பியிலிருந்து 11ஆவது ஆளுக்கும் கிடைத்துவிட்டது! மணக்கடவு அணைக்கட்டில் எங்கள் பங்கான 7.25 டிஎம்சி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதைவிடப் பெரிய வித்தை வேறென்ன இருக்கிறது? இந்த மாதம் 4ஆம் தேதி எங்கள் கேரள முதலமைச்சர் கணக்குச் சொன்னார்: மத்திய அரசிடமிருந்து வந்தது 73,38,806 தவணை, போட்டது 74,26,164 தவணை. கழித்துப் பார், எண்பத்தேழாயிரத்துச் சொச்சம் பேருக்குக் குப்பியின் அடியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பிரதமரும் பாராட்டினார். அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே, ஏப்ரலில் எனக்கும் ரேடியோவுக்கும் இருந்த இரண்டு தவணையை நான்தான் தட்டிவிட்டேன் என்பது நினைவுக்கு வந்து, நாளிதழை மடித்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 1ஆம் தேதி முதல் 45 வயதானவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தேர்தல் முடியட்டும் என்றேன். விஷு கழியட்டும் என்றேன். ஒருவழியாக 19ஆம் தேதி திங்கட்கிழமைக்கு எனக்கும் ரேடியோவுக்கும் சேர்த்தே பதிவு செய்தேன். 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னதைத் தொலைக்காட்சியில் இருவரும் பார்த்தோம். 17ஆம் தேதி காலையில் அவர் இறந்துபோனார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள். அன்று சாயங்காலம் ரேடியோ என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். "நீ என்ன சொல்றியோ அதுதான்டா" என்றான்.

முப்பது வருடம் எட்டாம் வகுப்பில், அம்மைத் தடுப்பூசி கண்ட ஜென்னரின் பாடம் நடத்தியவன் நான். 1796ஆம் ஆண்டு, பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளம், எட்டு வயதுத் தோட்டக்காரர் மகன், பசுவுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த வாக்சின் என்ற பெயர் என்று மணி அடித்த பிறகும் விடாமல் பேசி, பிள்ளைகளின் சாபத்தை வாங்கியவன். உன் தொப்புளைச் சுற்றி ஏறிய குன்னூர் நாய்க்கடி மருந்தைக்கூட அந்தப் பாடத்தில் சேர்த்துக்கொண்டவன். ஆட்டு மூளையில் செய்த மருந்து என்றதும் பின் வரிசையில் எழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்படிப்பட்ட நான் அன்று, "அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்றேன். பயந்தேன் என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. பயத்தை மறைத்து, யோசித்து முடிவெடுத்தவன் போல, வாத்தியார் குரலில் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

இந்த மாதம் 10ஆம் தேதி அவனுக்குக் காய்ச்சல். 13ஆம் தேதி விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் அளவு 88 காட்டியது. அதே நாளில்தான் முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டி அறிவித்தார்கள். அம்மாவுக்கு இனி ஜூன் 11க்குப் பிறகுதான். அன்று நான் எதற்காகக் கவலைப்பட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு காதில் ஆம்புலன்ஸ் வருமா என்ற பேச்சு, இன்னொரு காதில் "எனக்கு எப்படா அடுத்த ஊசி" என்று அம்மாவின் நச்சரிப்பு. பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டு 24ஆம் தேதி வீட்டுக்கு வந்தான். ஒரு தவணை போட்டிருந்தாலும் முழுக் காப்பு கிடைத்திருக்காது, மூன்று வாரத்தில் என்ன பெரிதாக ஏறியிருக்கும் என்று என் மகள் ஆறுதல் சொல்கிறாள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு நிம்மதி அடையும் உரிமை எனக்கு இல்லை.

இதற்கிடையில் நானும் காத்திருக்கிறேன். முன்பதிவு இல்லாமல் இப்போது எதுவும் நடக்காது. மகள் செல்போனை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். கோவின் பதிவுத் தளத்தில் கட்டம் திறப்பதும் சிவப்பாவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஓடிபி வந்து சேர்வதற்குள் இடம் போய்விடுகிறது. ஏப்ரலில் ஊசி என்னைத் தேடி வந்தது, மே மாதத்தில் நான் அதைத் தேடி அலைகிறேன். உன்னிடம் மறைப்பானேன், என் மனசு போகும் போக்கு எனக்கே பிடிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறவர்களைப் பார்த்தால் பொறாமை வருகிறது. போட்டவர்களிடம் காய்ச்சல் வந்ததா, கை வலித்ததா என்று அக்கறையாக விசாரிக்கிறேன்; இல்லை என்று சொன்னால் உள்ளுக்குள் ஓர் ஏமாற்றம். இரவில் லேசாகத் தொண்டை கரகரத்தால் வாசனை தெரிகிறதா என்று எழுந்து போய்க் காபித்தூள் டப்பாவை முகர்ந்து பார்க்கிறேன். நாளைக்கே இடம் கிடைத்தால் அந்தப் பழைய பயம் மறுபடி வருமா என்றும் இருக்கிறது. வேண்டும் என்ற தவிப்பும் வந்துவிடுமோ என்ற நடுக்கமும் ஒரே வயிற்றில் எப்படிக் குடியிருக்கின்றன என்று, 14 ஊசியைத் தாங்கிய வயிற்றுக்காரன் நீதான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. உங்கள் ஊர்ப் பிளேக் மாரியம்மன் மாதிரி இப்போது இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்கும் சிலை வைத்துவிட்டார்கள் என்று படித்துக் காட்டினேன். "அவளுக்கு ஒரு கும்பிடு, நர்ஸம்மாவுக்கு ஒரு கும்பிடு, ரெண்டையும் போட்டுட்டுப் போறதுதானே" என்றாள்.

இனிதான் நான் எழுத வந்த விஷயம். முந்தாநாள் ரேடியோவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குள் போகவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, நான்கு சொல் பேசினால் ஒரு மூச்சு வாங்குகிறான். தலைமாட்டில் அந்தப் பழைய பிலிப்ஸ் பெட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தான். மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்துத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்கிறான்: "நல்ல வேளைடா, நீ தடுத்தே. இந்த ஒடம்புக்கு ஊசியும் போட்டிருந்தா தாங்கியிருக்குமா?" அவன் வீட்டம்மாவும் பின்னால் நின்று, வாத்தியார் மாஷ்தான் எங்களைக் காப்பாற்றினார் என்று கைகூப்பினார். எனக்குக் காலின் கீழ் தரை இல்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொண்டுபோன சாத்துக்குடிப் பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் எங்கள் பகுதி ஆஷா சுகாதார ஊழியர் என்னை நிறுத்தினார். அந்தத் தெருவில் 60 தாண்டிய இரண்டு பேர், ரேடியோவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு வேண்டவே வேண்டாம் என்கிறார்களாம். "மாஷ் சொல்லிட்டாரே" என்கிறார்களாம். நான் ஏப்ரலில் விட்ட ஒரு சொல் அவன் வாய் வழியாக இன்னும் தெருவில் நடந்துகொண்டிருக்கிறது, பதினாலு. இதில் இன்னொரு கொடுமை: நோய் தீர்ந்தவர்கள் மூன்று மாதம் கழித்தே போட்டுக்கொள்ள வேண்டும் என்று 19ஆம் தேதி அறிவித்திருக்கிறார்கள். பொறு என்று நான் சொல்லிப் பொறுத்தவன், இனி ஆகஸ்ட் கடைசிவரை பொறுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி அந்த ஜன்னலுக்குப் போகப் போகிறேன். நான் சொன்னது பயத்தில் சொன்னது, தப்பு என்று அவனிடமும், பிறகு அந்த இரண்டு வீட்டிலும் சொல்ல வேண்டும். கடிதம் அதற்குள் வந்து சேராது என்பதால் ஒன்பதரைக்கு உனக்கு அழைப்பேன். இந்த முறை துண்டிக்க மாட்டேன். காரணம் கேட்காமல் லைனில் இரு. நான் பாதியில் குழறினால் உன் பாணியில் ஒரு வசவு விடு, மிச்சம் தானாக வந்துவிடும். அவன் கோபப்பட்டால் கோபப்படட்டும். மூச்சு வாங்காமல் திட்டும் அளவுக்குத் தேறியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

என் விஷயம் அப்படியே இருக்கிறது. குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்; பதிவு செய்தவர் யாராவது வராமல் போனால் கூப்பிடுகிறேன் என்று ஆஷா ஊழியர் சொல்லியிருக்கிறார். நான்கு நாளாக மூன்று மணிக்கே போய்க் கேந்திரத்தின் வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை எல்லோரும் ஒழுங்காக வந்துவிடுகிறார்கள். முதல் மணிக்கே ஆஜரான இரண்டாம் மணி என்று நீ சிரிப்பது கேட்கிறது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உன் தொப்புள் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டு எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
இரண்டாம் மணி